சங்கிலித் தொடர் கடைகளுக்கு சான் பிரான்சிஸ்கோ விதிக்கும் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஊர்களில் கிளை பரப்பி, ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்டு நடக்கும் கடைகளைச் சங்கிலித் தொடர் கடைகள் என்கிறோம். அவை எந்தத் தெருவில் வரலாம், எதில் வரக்கூடாது என்பதை உள்ளாட்சி அமைப்பே தீர்மானிக்கும் வழக்கம் அமெரிக்காவின் சில நகரங்களில் உண்டு. அவற்றுள் பெரியதும், விதிகளை விரிவாக எழுதி வைத்திருப்பதும் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ. அந்த நகரின் விதியை மையமாக வைத்து, அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் சங்கிலித் தொடர் கடைகளுக்குத் தடையா?

இல்லை. செய்தித் தலைப்புகளில் தடை என்று எழுதுவது எளிது என்பதால் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. உண்மையில் முழுத் தடை இருப்பது ஹேய்ஸ் வேலி, நார்த் பீச், சைனாடவுனின் ஒரு பகுதி போன்ற மிகச் சில இடங்களில் மட்டுமே. நகரின் மற்ற குடியிருப்புப் பகுதி வணிகத் தெருக்களில் கடை திறக்க விரும்பும் நிறுவனம் முன்கூட்டியே நிபந்தனை அனுமதி பெற வேண்டும்; அதாவது, தனி முதலாளி ஒருவர் வழக்கமான உரிமங்களோடு திறந்துவிடக்கூடிய அதே இடத்தில், சங்கிலி நிறுவனம் நகரத் திட்டமிடல் ஆணையத்தின் பொது விசாரணைக்கு வந்து, அக்கம்பக்கத்தார் பேசுவதைக் கேட்டு, ஆணையர்களின் வாக்கைப் பெற்ற பிறகே கதவைத் திறக்க முடியும். யூனியன் ஸ்கொயரைச் சுற்றியுள்ள நகர மையப் பகுதியிலோ இந்த விதி பெரும்பாலும் பொருந்தாது. அங்கே உலகின் பெரிய பிராண்டுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன.

எந்தக் கடை சங்கிலித் தொடர் கடை என்று சட்டம் எப்படி முடிவு செய்கிறது?

இந்த விதியின் நுட்பம் முழுவதும் இந்த வரையறையில்தான் இருக்கிறது. நகரின் திட்டமிடல் சட்டம் இத்தகைய கடையை 'ஃபார்முலா ரீடெய்ல்' என்று அழைக்கிறது. வாய்பாடு போல ஒரே அச்சில் வார்த்த கடை என்று பொருள் கொள்ளலாம். அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது எண்ணிக்கை: திறக்கப்போகும் கடையைத் தவிர, அதே பெயரில் வேறு 11 அல்லது அதற்கு மேற்பட்ட கடைகள் இருக்க வேண்டும். இரண்டாவது தோற்றம்: ஒரே வகையான சரக்கு வரிசை, ஒரே மாதிரியான முகப்பு, ஒரே மாதிரியான உள் அலங்காரமும் நிறமும், ஊழியர்களுக்குச் சீருடை, ஒரே மாதிரியான பெயர்ப்பலகை, பதிவு பெற்ற வணிகச் சின்னம் அல்லது சேவைச் சின்னம் ஆகிய ஆறில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

ஒரு காபிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் அச்சிட்ட சின்னம் பதிவு பெற்றது; அது ஒன்று. வாசலில் தொங்கும் பலகை மற்ற ஊர்களில் தொங்கும் பலகையின் மறுபதிப்பு, அது இரண்டு. ஊழியரின் மேலங்கியையோ சுவரின் நிறத்தையோ பார்க்க வேண்டிய தேவையே வராது. நடைமுறையில் இரண்டாம் சோதனையில் தப்பிக்கும் நிறுவனம் அரிது. வழக்கும் வாதமும் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கின்றன.

உள்ளூரில் பிறந்த நிறுவனத்துக்கு விலக்கு உண்டா?

இல்லை. உரிமையாளர் எந்த ஊர்க்காரர் என்பதைச் சட்டம் கேட்பதே இல்லை. கேப் என்ற ஆடை நிறுவனம் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் அவென்யூவில் ஒற்றைக் கடையாகத் தொடங்கியது. இன்று அதே தெருவுக்குத் திரும்ப நினைத்தாலும் அது சங்கிலி நிறுவனம்தான். மிஷன் பகுதியில் ஒரு மூலைக் கடையாகத் தொடங்கி வளர்ந்த ஃபில்ஸ் காபிக்கும் இதே நிலை. நம்ம ஊர்ப் பிள்ளை வளர்ந்ததற்குத் தண்டனையா என்ற முணுமுணுப்பு ஒவ்வொரு விசாரணையிலும் கேட்கும். ஆனால் உள்ளூர், வெளியூர் என்று பிரித்திருந்தால் இந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நின்றிருக்காது என்பதைக் கீழே பார்ப்போம்.

வெளிநாட்டுக் கடைகளும் எண்ணிக்கையில் சேருமா?

முதலில் சேரவில்லை. அமெரிக்காவுக்குள் இருக்கும் கடைகளை மட்டும் எண்ணினார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நூற்றுக்கணக்கில் கடைகள் வைத்திருந்தும் அமெரிக்காவில் கால் பதிக்காத நிறுவனம், தனிக்கடை என்ற கணக்கில் உள்ளே வர அது இடம் கொடுத்தது. 2014-இல் செய்த திருத்தம் உலகம் முழுவதும் உள்ள கடைகளைக் கணக்கில் கொண்டுவந்தது; இன்னும் திறக்காமல், அனுமதி மட்டும் பெற்றுள்ள கடைகளும் சேர்ந்தன.

அந்தத் திருத்தத்துக்கு முந்தைய ஆண்டில் மிஷன் பகுதியின் 16-ஆம் தெருவில் ஜாக் ஸ்பேட் என்ற ஆண்கள் ஆடை, பை விற்பனைக் கடை திறக்க முயன்றது. அந்தப் பெயரில் இருந்த கடைகள் குறைவு என்பதால் சட்டத்தின் கண்ணில் அது சங்கிலி அல்ல. அதன் தாய் நிறுவனமோ கேட் ஸ்பேட் உள்ளிட்ட பிராண்டுகளை நடத்திய பெரிய நிறுவனம். அடோபி புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடை இருந்த இடத்துக்கு அது வருகிறது என்பது எதிர்ப்பை மேலும் கூட்டியது. கடைசியில் நிறுவனமே 2013-இல் பின்வாங்கியது. சட்டம் அனுமதித்ததைத் தெரு அனுமதிக்கவில்லை.

இந்தச் சட்டம் எப்போது, எப்படி வந்தது?

2004-இல் நகரின் மேற்பார்வையாளர் குழு, அதாவது 11 பேர் கொண்ட நகர்மன்றம், முதல் விதியை இயற்றியது. அப்போது ஹேய்ஸ் வேலியில் தடை. கோல் வேலி போன்ற ஓரிரு பகுதிகளில் நிபந்தனை அனுமதி. மற்ற பகுதிகளில் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு என்ற அளவில்தான் இருந்தது. 2005-இல் நார்த் பீச்சும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. 2006 நவம்பர் தேர்தலில் முன்மொழிவு ஜி என்ற பெயரில் வாக்காளர்களிடமே கேள்வி சென்றது. அவர்கள் ஒப்புதல் தந்ததால், குடியிருப்புப் பகுதி வணிகத் தெருக்கள் எல்லாவற்றிலும் நிபந்தனை அனுமதி கட்டாயமானது.

ஹேய்ஸ் வேலி ஏன் முதலில் நின்றது என்பது சொல்லத் தக்கது. அந்தப் பகுதியின் தலைக்கு மேலே ஒரு மேம்பாலச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. 1989 நிலநடுக்கத்தில் அது சேதமடைந்து, கட்டம் கட்டமாக இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 2005-இல் ஆக்டேவியா புலிவார்ட் என்ற மரங்கள் நிற்கும் சாலை திறக்கப்பட்டது. பாலத்தின் நிழல் விலகிய தெருவில் சிறு கடைகள் தாமாகவே முளைத்தன. மதிப்பு ஏறினால் அடுத்து வருவது யார் என்பதை அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

அனுமதி கேட்கும் நிறுவனம் என்னென்ன படிகளைத் தாண்ட வேண்டும்?

விண்ணப்பத்துக்கு முன்பே அக்கம்பக்கத்தாரை அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். பிறகு விண்ணப்பம், அருகில் உள்ள சொத்து உரிமையாளர்களுக்கு அஞ்சல் அறிவிப்பு, கடை வாசலில் ஒட்டும் அறிவிப்பு. அதன் பின் நகர மன்றக் கட்டடத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் திட்டமிடல் ஆணையத்தின் முன் விசாரணை. ஏழு ஆணையர்களில் நால்வரை மேயரும், மூவரை மேற்பார்வையாளர் குழுவின் தலைவரும் நியமிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒலிபெருக்கி முன் நின்று சில நிமிடம் பேசலாம்.

ஆணையர்கள் எடைபோட வேண்டியவற்றைச் சட்டமே சொல்கிறது: அந்தத் தெருவில் ஏற்கெனவே எத்தனை சங்கிலிக் கடைகள் உள்ளன, அதே சரக்கு அருகில் வேறு கடையில் கிடைக்கிறதா, புதிய கடையின் தோற்றம் தெருவின் கட்டட அமைப்போடு ஒத்துப்போகிறதா, எத்தனை கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, தெருவில் இருப்பவை அன்றாடத் தேவைக்கான கடைகளா, நகரம் முழுவதிலிருந்தும் ஆட்களை ஈர்க்கும் கடைகளா. நிறுவனத்தின் ஊதியக் கொள்கையோ அரசியலோ இந்தப் பட்டியலில் இல்லை.

முடிவை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் மேற்பார்வையாளர் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 300 அடிக்குள் உள்ள நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்களின் கையொப்பமோ, ஐந்து உறுப்பினர்களின் கையொப்பமோ தேவை. ஆணையத்தின் முடிவை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதால், 11 பேரில் எட்டுப் பேர் சேர வேண்டும்.

உண்மையில் ஒரு விசாரணை எப்படி நடக்கும் என்பதற்கு உதாரணம் உண்டா?

பலரும் நினைவில் வைத்திருப்பது 2009 பிப்ரவரி விசாரணை. அமெரிக்கன் அப்பேரல் என்ற ஆடை நிறுவனம் வலென்சியா தெருவில் கடை திறக்க விண்ணப்பித்தது. துணிகளை லாஸ் ஏஞ்சலிஸிலேயே தைத்த நிறுவனம் அது. தொழிலாளர்களைச் சுரண்டுகிறது என்ற வழக்கமான குற்றச்சாட்டை அதன் மீது எளிதில் வைக்க முடியாது. ஆனாலும் வலென்சியாவின் கடைக்காரர்களும் கலைஞர்களும் கண்ணாடிகளில் சுவரொட்டி ஒட்டி, பெருங்கூட்டமாக விசாரணைக்கு வந்தார்கள். கடைக்காரர்கள் அஞ்சியது அந்த ஒரு கடையை மட்டுமல்ல. ஒரு பெரிய நிறுவனம் தரும் வாடகையே நாளை பக்கத்துக் கட்டட உரிமையாளர் கேட்கும் வாடகையாகிவிடும் என்பதுதான் அவர்கள் கவலை. ஆணையம் ஒருமனதாக அனுமதி மறுத்தது.

இந்த நிகழ்வைக் கொண்டாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வலென்சியா தெருவின் வாடகை ஏறாமல் நின்றுவிடவில்லை. சங்கிலி வரவில்லை, விலை உயர்ந்த தனிக்கடைகள் வந்தன.

பெரும்பாலான விண்ணப்பங்கள் மறுக்கப்படுகின்றனவா?

அப்படி இல்லை. நகரம் ஏற்பாடு செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வின்படி, அதுவரை வந்த நிபந்தனை அனுமதி விண்ணப்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்கில் காத்திருந்து, வழக்கறிஞருக்கும் வரைபடக்காரருக்கும் செலவழித்து, கூட்டத்தில் திட்டு வாங்கவும் ஆயத்தமாக உள்ள நிறுவனம்தான் விண்ணப்பமே செய்யும். வராமலேயே போனவர்களை எந்தப் பதிவேடும் கணக்கில் வைப்பதில்லை.

அதே ஆய்வு நகரில் சுமார் 1,250 சங்கிலித் தொடர் கடைகள் இருப்பதாகவும், அது மொத்தச் சில்லறைக் கடைகளில் சுமார் 12 சதவீதம் என்றும் கணக்கிட்டது. கட்டுப்பாடு உள்ள வணிகப் பகுதிகளில் அவற்றின் பங்கு சுமார் 10 சதவீதம், இல்லாத பகுதிகளில் சுமார் 25 சதவீதம். சட்டத்தின் ஆதரவாளர்கள் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து வெற்றி என்பார்கள். கட்டுப்பாடு இல்லாத பகுதி என்பது சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் நகர மையம். சட்டமே இல்லாவிட்டாலும் சங்கிலிக் கடைகள் அங்கேதான் முதலில் குவியும். ஆகவே இந்த வேறுபாடு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

வணிகச் சுதந்திரத்துக்கு இது எதிரானது அல்லவா? நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க அரசியலமைப்பு மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. எனவே வெளி மாநில வணிகரை ஒதுக்கும் நோக்கத்தில் ஒரு நகரம் விதி செய்ய முடியாது. மறுபக்கம், எந்த நிலத்தில் எந்தப் பயன்பாடு என்று முடிவு செய்வது உள்ளாட்சியின் பழைய உரிமை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் இந்தச் சட்டங்கள் நடக்கின்றன.

பாதை தவறி விழுந்த ஊர்களும் உண்டு. ஃபுளோரிடாவின் தீவுக்கூட்டத்தில் உள்ள இஸ்லமொராடா என்ற சிற்றூர், சங்கிலிக் கடைகள் 2,000 சதுர அடிக்கும் 50 அடித் தெரு முகப்புக்கும் மேல் போகக்கூடாது என்று 2002-இல் விதித்தது. ஒரு நில உரிமையாளர் தம் இடத்தை வால்கிரீன்ஸ் மருந்தகத்துக்கு விற்க முயன்றபோது விவகாரம் வெடித்தது. 2008-இல் கூட்டாட்சியின் 11-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. சிற்றூரின் தனித்தன்மையைக் காக்கிறோம் என்று ஊர் சொன்னது. ஆனால் அங்கே வரலாற்றுச் சிறப்புப் பகுதி என்று ஒன்று இல்லை, சங்கிலிக் கடைகள் ஏற்கெனவே இருந்தன, சங்கிலி அல்லாத கடை எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். சொன்ன காரணத்துக்கும் செய்த காரியத்துக்கும் தொடர்பு இல்லை என்று நீதிமன்றம் கண்டது.

கலிஃபோர்னியாவின் மாலிபு விழுந்தது வேறு பள்ளத்தில். 2014-இல் வாக்காளர்கள் ஏற்ற விதியை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. நிபந்தனை அனுமதி நிலத்தின் பயன்பாட்டுக்குத் தரப்பட வேண்டியது, அதை நடத்தும் ஆளுக்கு அல்ல என்பது அங்கே சொன்ன காரணங்களில் ஒன்று. மாறாக, சான் டியாகோவை அடுத்த கொரொனாடோவின் விதியை அதே மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேறொரு பிரிவு 2003-இல் நிலைநிறுத்தியது. ஊரின் திட்டத்தில் எழுதிவைத்த நோக்கமும், விசாரணை வைத்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடைபோடும் முறையும் இருந்தால் சட்டம் நிற்க வாய்ப்பு அதிகம் என்பதே என் வாசிப்பு.

இவ்வளவு சுற்றுவானேன், அதிக வரி விதித்தால் போதாதா?

அதையும் செய்து பார்த்தார்கள். இந்தியானா மாநிலம் 1929-இல் கடை எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும் உரிமக் கட்டணம் கொண்டுவந்தது: ஒற்றைக் கடைக்கு ஆண்டுக்கு 3 டாலர், 20-க்கு மேற்பட்ட ஒவ்வொரு கடைக்கும் 25 டாலர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்றது. மாநிலங்கள் பலவும் அதே வழியில் இறங்கின. கலிஃபோர்னியாவின் சட்டமன்றமும் அப்படி ஒரு வரியை இயற்றியது. சங்கிலி நிறுவனங்கள் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய், 1936-இல் வாக்காளர்களைக் கொண்டே தோற்கடித்தன. மளிகை விலை உயரும் என்ற ஒற்றை வாதம் அன்று எடுபட்டது. சரியாக 70 ஆண்டு கழித்து அதே மாநிலத்தின் ஒரு நகரத்து வாக்காளர்கள் முன்மொழிவு ஜி-க்கு ஆம் என்றார்கள். இம்முறை கேள்வி விலையைப் பற்றியது அல்ல, தெருவின் முகத்தைப் பற்றியது.

விலை உயர்கிறதா? சிறு கடைகள் பிழைக்கின்றனவா?

சங்கிலி நிறுவனம் மொத்தமாக வாங்குவதால் மலிவாகத் தர முடியும். தனிக்கடை ஈட்டும் பணத்தில் பெரும்பகுதி உள்ளூரிலேயே, உள்ளூர்க் கணக்கரிடமும் அச்சகத்திலும் செலவாகும். நகரின் பொருளாதார அலுவலகமும் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் பேசியது. வருமானம் குறைந்த குடும்பத்துக்குத் தராசில் மலிவு விலை என்ற தட்டு கனமானது என்பதைச் சட்டத்தின் ஆதரவாளர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

சிறு கடையின் நோய் பெரும்பாலும் வாடகை. கலிஃபோர்னிய மாநிலச் சட்டம் வணிகக் கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு விதிக்க நகரங்களை அனுமதிப்பதில்லை. ஆகவே, கூடுதலாகத் தரக்கூடிய போட்டியாளரை வாசலில் நிறுத்தி வைக்கும் மறைமுக வழியை நகரம் பிடித்துக்கொண்டது. இணைய வணிகத்துக்கு இந்த வாசல் பொருட்டே இல்லை. பெரிய பரப்பளவுள்ள பழைய கடை ஒன்று காலியானால், அதை எடுக்கும் வசதி சங்கிலிக்கு மட்டுமே இருக்கும் நிலையில், பூட்டு பல மாதம் தொங்குவதும் உண்டு.

மற்ற ஊர்கள் வேறு வழிகளைக் கையாள்கின்றனவா?

கார்மல்-பை-த-சீ என்ற கடற்கரை ஊர் 1980களிலேயே சங்கிலி உணவகங்களைத் தடுத்தது. ஆர்கேட்டா நகரம் 2002-இல் சங்கிலி உணவகங்கள் எந்நேரமும் ஒன்பதைத் தாண்டக்கூடாது என்றது. ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கலாம். நியூயார்க் 2012-இல் மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில் எடுத்த வழி எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது: சங்கிலி என்ற சொல்லையே தொடாமல், குறிப்பிட்ட சாலைகளில் புதிய கடையின் முகப்பு 40 அடிக்கும் வங்கியின் முகப்பு 25 அடிக்கும் மேல் அகலக்கூடாது என்று மட்டும் சொன்னது.

தென் கொரியாவில் நேரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். 2012 முதல் பெரிய பல்பொருள் அங்காடிகளை மாதம் இரண்டு நாள் மூடச் சொல்லும் அதிகாரம் உள்ளாட்சிகளிடம் இருக்கிறது. பெரும்பாலும் ஞாயிறாக இருந்த அந்த விடுமுறையை டேகு நகரம் 2023-இல் திங்களுக்கு மாற்றியது.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு விதி உண்டா?

கடை எண்ணிக்கையைப் பார்த்து அனுமதி மறுக்கும் உள்ளாட்சி விதி இங்கே வழக்கத்தில் இல்லை; இந்தப் பேச்சு நம்மிடம் அந்நிய முதலீட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் ஒன்றிய அரசு பலவகைப் பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதித்து, முடிவை மாநிலங்களிடம் விட்டபோது, ஜெயலலிதா தலைமையிலான தமிழக அரசு மறுத்தது. அது உரிமையாளரைப் பார்த்து எடுத்த முடிவு. உள்நாட்டு முதலாளி நூறு கிளை திறந்தால் அந்த மறுப்பு ஒன்றும் செய்யாது.

விசாரணையில் பேச விரும்பும் தெருவாசி என்ன பேசினால் எடுபடும்?

"பெரிய கம்பெனி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது ஆணையர்களின் குறிப்பேட்டில் ஏறாது. தெருவின் இரு பக்கமும் நடந்து, எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது, அதே சரக்கை விற்கும் கடை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனவரின் பேச்சு ஏறும். ஆதரித்துப் பேசுவோருக்கும் இதுவே பொருந்தும்: அருகில் மருந்தகம் இல்லை, அடுத்தது எத்தனை தெரு தள்ளி இருக்கிறது, அங்கு போக எந்தப் பேருந்து, அது எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேசும் நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. மணி அடித்ததும் ஒலிபெருக்கி அடுத்தவருக்குப் போய்விடும்.